சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்
(டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்க்கையும் நாம் கட்டப் போகும் படிகளும்)



ஆண்டு மலருக்கு எழுத வேண்டும் என்றதும் நம் நண்பர்கள் பலர் கவிதையிலும் ஜோக்கிலும் இறங்கிவிட்டார்கள். நான் ஒரு டாக்டரின் வாழ்க்கையைச் சொல்ல வந்திருக்கிறேன். சிவில் டிப்ளமோ படிக்கிற பெண்ணுக்கு டாக்டர் கதை எதுக்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்ம பாடப் புத்தகத்தில் பேஸ்மட்டம், படி, கதவு அளவு எல்லாம் வருகிறது. அந்தப் படியில் ஏற முடியாத ஒரு மனுஷர், அந்தக் கதவில் நுழைய முடியாத ஒரு மனுஷர் பற்றி அதில் அரைப் பக்கம்கூட இல்லை. அந்த அரைப் பக்கத்தை டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களின் வாழ்க்கையிலிருந்து நான் படித்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்கிறேன்.

பிறப்பும் படிப்பும்

மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு கேரளத்தில் கொச்சிப் பகுதியில் ஒரு பெரிய குடும்பத்தில் பிறந்தார். வசதிக்குக் குறைவில்லாத வீடு. அந்தக் காலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டுவதே அபூர்வம். அவரோ டாக்டருக்குப் படிக்கத் தமிழ்நாட்டுக்கு வந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நாம் எல்லோரும் சி.எம்.சி. என்று சொல்கிறோமே, அதுதான். ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டரம்மா 1900-இல் சின்னதாகத் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியாக வளர்த்த இடம் அது.

மேரி நன்றாகப் படித்தார், டாக்டர் ஆனார். பிரசவம் பார்க்கிற டாக்டராக, பெண்களுக்கான மருத்துவராக ஆக வேண்டும் என்பது அவர் எண்ணம். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

1954 ஜனவரி 30

அன்றைக்கு இளம் டாக்டர்கள் சிலரோடு ஒரு வேனில் வெளியூர் புறப்பட்டார். வழியில் வண்டி விபத்துக்குள்ளானது. மேரிக்கு முகத்தில் பெரிய காயம். அதைவிடப் பெரிய அடி முதுகுத் தண்டில். உயிர் பிழைத்தார். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. வயது 28.

முதுகுத் தண்டு அடிபட்டால் கால் நடக்காது என்பதுதான் நமக்குத் தெரியும். அதோடு முடிவதில்லை. உடம்பின் பாதிக்கு வலியே தெரியாது. ஒரே பக்கம் படுத்திருந்தால் தோல் நசுங்கிப் படுக்கைப் புண் வரும். அது வந்ததே நோயாளிக்குத் தெரியாது. சிறுநீர் தானாகப் போகாது, அதில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வரும். அந்தக் காலத்தில் இப்படி அடிபட்டவர்கள் பலர் இந்தப் புண்ணாலும் காய்ச்சலாலும்தான் இறந்தார்கள். மேரி டாக்டர் என்பதால் இதெல்லாம் அவருக்கு முழுசாகத் தெரியும். தெரிந்துகொண்டே படுத்திருப்பது எவ்வளவு கொடுமை!

கொத்தனார் வேலை தெரிந்த டாக்டர்

இந்த இடத்தில் இன்னொருவர் வருகிறார். டாக்டர் பால் பிராண்ட். இவர் 1914-இல் நம்ம கொல்லிமலையில், மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். சிவில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மருத்துவம் படிப்பதற்கு முன்னால் இங்கிலாந்தில் சில வருஷம் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றுக்கொண்டவர் இவர். 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தும் முறையை வளர்த்தார். வேலை செய்யும் தசைநார் ஒன்றை எடுத்து, செயலிழந்த இடத்துக்கு மாற்றிக் கட்டுவது அந்த முறை. கையில் நுணுக்கம் வேண்டும். பொறுமை வேண்டும்.

மேரியைப் பார்த்து அவர் யோசித்த யோசனைதான் கதையின் திருப்பம். வயிற்றில் ஆபரேஷன் செய்ய டாக்டர் நிற்க வேண்டும். கை ஆபரேஷனை மட்டும் நல்லா நடக்கிற சர்ஜனும் உட்கார்ந்துதான் செய்வார். அப்படியானால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற டாக்டருக்கு அந்த வேலையில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை! மேசையின் உயரமும் நாற்காலியின் உயரமும் ஒத்துப்போனால் போதும்.

மேரி அந்த வேலையைக் கற்றார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். இந்தியாவில் அப்படி ஒரு சர்ஜனை அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். ஊர் ஒதுக்கி வைத்தவர்கள். கையில் உணர்ச்சி செத்தவர்கள். அவர்கள் முன்னால் காலில் உணர்ச்சி இல்லாத ஒரு டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றால், அது எந்த மாத்திரையும் தராத தெம்பைத் தந்திருக்கும்.

நான் இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் கால் கடைசி வரைக்கும் குணமாகவே இல்லை. மாறியது வேலை செய்கிற இடத்தின் அமைப்புதான். உடம்பை மாற்ற முடியாதபோது இடத்தை மாற்று என்கிற பாடம் இது. சிவில் இன்ஜினியரிங்குக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

தனக்குக் கிடைத்தது எல்லோருக்கும்

மேரி அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர மருத்துவமனைக்குப் போய், தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் பயிற்சி பெற்றார். பிறகு அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அங்கே டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் சேர்ந்து படித்தார். இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்களை மறுபடி வேலைக்கும் குடும்பத்துக்கும் அனுப்பியதில் வளர்ந்த துறை அது. புண் ஆறியதோடு வைத்தியம் முடிந்துவிடாது, அந்த மனுஷர் வீட்டுக்குப் போய்த் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்போதுதான் முடிகிறது என்பதே அந்தத் துறையின் அடிப்படை.

நம்ம ஊரில் அப்போது இதெல்லாம் எங்கே இருந்தது? மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், மூட்டை சரிந்து முதுகு போனவர் எல்லாம் திண்ணையில் கிடந்து மடிந்தார்கள்.

மேரி வேலூருக்குத் திரும்பி, 1963-இல் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். நோயாளிகளை உள்ளே தங்க வைத்துப் பார்க்கும் வசதியோடு இந்தியாவில் அமைந்த முதல் துறை அது. 1966-இல் அது தனி நிலையமாகவே வளர்ந்து திறக்கப்பட்டது. வேலூரில் பாகாயம் பக்கம் இருக்கிறது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தன் உடம்பின் எடையைக் கையால் தூக்குவது, புண் வராமல் பார்த்துக்கொள்வது, செயற்கைக் கால், கைத்தொழில் என்று மறுவாழ்வு என்ற சொல்லுக்குள் எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. சொல்லிக் கொடுக்கிற இடத்தின் தலைமை டாக்டரே சக்கர நாற்காலியில் இருந்தால், என்னால முடியாதும்மா என்று எந்த நோயாளிதான் சொல்ல முடியும்?

1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் காலமானார். விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகள். நாம் பிறந்து வாழ்ந்திருக்கிற வயசை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காலம் அவர் அந்த நாற்காலியில் இருந்தே வாழ்ந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு அந்தப் பக்கம்

இனி நம்ம கதைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் போக வேண்டும், டிராலி போக வேண்டும். அதனால் பொதுவாகக் கதவு அகலமாக இருக்கும், சாய்வுப் பாதை இருக்கும், லிஃப்ட் இருக்கும். பயிற்சி முடிந்த நோயாளி வெளியே வந்தால் என்ன ஆகும்? வாசலில் மூன்று படி. பஸ்ஸில் முழங்கால் உயரத்துக்குப் படி. ஆபீஸ் மாடியில் அதிகாரி. டாக்டர் செய்த அவ்வளவு வேலையையும் கொத்தனார் கட்டிய மூன்று படி தோற்கடித்துவிடும்.

எங்க ஊர் வளையமாதேவி. எங்க வீட்டில் பத்தாவதுக்கு மேல் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். என் பெரியப்பாவுக்குச் சின்ன வயசிலேயே போலியோ. 2014-இல் இந்தியாவில் போலியோ இல்லை என்று அறிவித்தார்கள், நல்ல செய்திதான். ஆனால் அதற்கு முன்னால் வந்தவர்கள் நம்மோடுதானே இருக்கிறார்கள்? பெரியப்பா கையால் மிதிக்கிற மூன்று சக்கர வண்டியில்தான் எங்கேயும் போவார். உதவித்தொகை விஷயமாக ஒரு அலுவலகத்துக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, கையை ஊன்றி, வெள்ளை வேட்டி மண்ணாக, படிப்படியாக ஏறுவார். கூட்டம் வேடிக்கை பார்க்கும். அவர் யாரையும் குறை சொல்ல மாட்டார். பழகிப்போச்சு என்பார்.

பிறகு அங்கே ஒரு சாய்வுப் பாதை கட்டினார்கள். எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் பெரியப்பா வண்டி அதில் ஏறவே இல்லை. பாதியில் பின்னால் சரிந்தது. நான் டேப் வைத்து அளந்து பார்த்தேன். உயரம் 450 மில்லிமீட்டர். நீளம் 1500 மில்லிமீட்டர். அதாவது ஏறக்குறைய 3-க்கு 1. இது சாய்வுப் பாதையா, சறுக்கு மரமா? இப்போது அதில் மோட்டார் பைக்கை ஏற்றி உள்ளே நிறுத்துகிறார்கள். காசும் செலவாயிற்று, சிமெண்டும் செலவாயிற்று, பெரியப்பா இன்னும் கையை ஊன்றித்தான் ஏறுகிறார்.

விதிகள் என்ன சொல்கின்றன?

கட்டடம் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று முதன்முதலாக அளவுகளோடு ஒரு தரம் வகுத்தது அமெரிக்கா, 1961-இல். நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஐ.எஸ். 4963 என்ற தரத்தை வைத்திருந்தது. 1987-இல் அது திருத்தப்பட்டது. 1995-இல் ஊனமுற்றோருக்கான சட்டம் வந்தது. ஆனால் அதில் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் காட்டியே பல இடங்களில் ஒன்றும் செய்யாமல் இருக்க முடிந்தது. 2005-இல் வந்த தேசியக் கட்டட விதித் தொகுப்பில் இதற்கென்று தனி இணைப்பே இருந்தது. 2016-இல் வந்த தொகுப்பு அதை இன்னும் விரிவாக்கியது.

2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி விதிப்படி இல்லாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது, கட்டி முடித்ததற்கான சான்றிதழும் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சரிசெய்ய வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன். அந்த 5 ஆண்டு 2022-லேயே முடிந்துவிட்டது.

பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி என்பவர் 2005-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-இல் ஒரு முக்கியத் தீர்ப்பைச் சொன்னது. சட்டம் கட்டாயம் என்கிறது, விதியோ வெறும் வழிகாட்டுதலாக இருக்கிறது, இது செல்லாது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்ச அளவுகளை 3 மாதத்தில் வகுக்க வேண்டும் என்பது அதன் சாரம். செய்தால் நல்லது என்பது வேறு, செய்தே ஆக வேண்டும் என்பது வேறு. கம்பி அளவில் நாம் யாராவது செய்தால் நல்லது என்று எழுதுவோமா?

2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் 2.68 கோடி பேர், தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர் மாற்றுத்திறனாளிகள். இதில் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர், முட்டி தேய்ந்த ஆயா, நிறைமாதக் கர்ப்பிணி யாரும் சேரவில்லை. அவர்களுக்கும் அதே படிதான்.

நம் டேப்புக்குள் இருக்கும் நியாயம்

நண்பர்களே, இது பெரிய கணக்கு இல்லை. முதல் செமஸ்டர் கணக்குதான்.

சாய்வு: 12-க்கு 1-க்கு மேல் செங்குத்தாகக் கூடாது. 450 மில்லிமீட்டர் பேஸ்மட்டம் என்றால் 5400 மில்லிமீட்டர் நீளம் வேண்டும், சுமார் 18 அடி. 600 மில்லிமீட்டர் என்றால் 7200. அவ்வளவு இடம் இல்லையே என்பார்கள். நேராகத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? நடுவில் 1500 மில்லிமீட்டருக்குச் சமதளம் விட்டு மடக்கித் திருப்பலாம். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். மேலே வழவழப்பான டைல்ஸ் கூடாது. மழை நாளில் அதில் நல்லா நடக்கிறவனே விழுவான்.

கதவு: சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலம் 750 மில்லிமீட்டர். நாம் கழிப்பறைக்கு வைப்பது இரண்டரை அடிக் கதவு. நிலைச் சட்டத்தின் கனத்தைக் கழித்துவிட்டால் உள்ளே 600 சொச்சம்தான் மிஞ்சும். நாற்காலி வாசலிலேயே நின்றுவிடும். விதி கேட்பது நிலைச் சட்டம் போக 900 மில்லிமீட்டர் திறப்பு. இதில் எத்தனை பேருடைய மானம் அடங்கியிருக்கிறது என்று யோசியுங்கள். ஒருவர் தண்ணீர் குடிக்காமலே வெளியூர் போகிறார் என்றால், போகும் இடத்தில் கழிப்பறைக் கதவு அகலம் போதாது என்பதுதான் காரணம்.

திரும்பும் இடம்: நாற்காலி ஒரு சுற்றுச் சுற்ற 1500 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும். கதவு அகலமாக இருந்து உள்ளே திரும்ப இடமில்லை என்றால் பயனில்லை.

பார்வை இல்லாதவர்களுக்குத் தரையில் புடைத்த டைல்ஸ், லிஃப்ட் பொத்தானில் பிரெய்ல் எழுத்து, பார்வை மங்கியவர்களுக்குப் படி ஓரத்தில் வேறு நிறப் பட்டை, காது கேளாதவர்களுக்கு எரிந்து அணையும் அபாய விளக்கு என்று இன்னும் பல இருக்கின்றன.

வரைபடம் போடும்போதே சேர்த்தால் இதற்கு ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம் மண் நிரப்பு, கொஞ்சம் செங்கல் வேலை, கொஞ்சம் கான்கிரீட். கட்டி முடித்த பிறகு செய்தால் இடித்துக் கட்ட வேண்டும். அப்போதுதான் இடமில்லை, நிதியில்லை என்று 1500 மில்லிமீட்டரில் ஒரு சறுக்கு மரம் பிறக்கிறது.

நாம் எங்கே நிற்கிறோம்?

ஆர்க்கிடெக்ட் வரைவார், இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார். ஆனால் சைட்டில் காலை எட்டு மணிக்குக் கொத்தனார் கேட்பது யாரை? டிப்ளமோ முடித்த சூப்பர்வைசரைத்தான். சரிவை எங்கே முடிக்கணும் சார், எங்கே முடிக்கணும் மேடம் என்று நம்மைத்தான் கேட்பார். கான்ட்ராக்டர் பக்கத்தில் நின்று, சும்மா சம்பிரதாயத்துக்குத்தானே, சுருக்கிப் போடு என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் நாம் சொல்லும் பதில் அந்தக் கட்டடம் நிற்கும் ஐம்பது வருஷத்துக்கும் இருக்கும். வேலைக்குப் புதுசு, வீட்டில் நம் சம்பளத்தை நம்பி நாலு பேர், எதிர்த்துப் பேசுவது சுலபமில்லை என்று எனக்கும் தெரியும். அதனால்தான் விதியின் எண்ணையும் அளவையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்கிறேன். கெஞ்சிக் கேட்டால் சிரிப்பார்கள். சான்றிதழ் கிடைக்காது சார் என்று சட்டத்தைச் சொன்னால் யோசிப்பார்கள்.

நம் யூனியனுக்கும் ஒரு வேண்டுகோள். இறுதி ஆண்டு பிராஜெக்ட்டுக்கு எங்கெங்கோ தலைப்புத் தேடுகிறோம். நம் வளாகத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு டேப், ஒரு டியூப் லெவல், ஒரு சக்கர நாற்காலி போதும். ஒருத்தர் அதில் உட்கார்ந்து கேட்டிலிருந்து நூலகம், ஒர்க் ஷாப், ஆபீஸ், கழிப்பறை வரை போய் வரட்டும். எங்கெங்கே நின்றுபோகிறார் என்று குறித்துக்கொள்வோம். எஸ்டிமேட்டும் நாமே போடுவோம். அதை முதல்வர் அய்யாவிடம் யூனியன் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அடுத்த வருஷம் நம்ம காலேஜுக்குக் காலிப்பர் போட்ட ஒரு தம்பியோ சக்கர நாற்காலியில் ஒரு தங்கச்சியோ சேர வரலாம். மார்க் இருந்தும் மாடியில் வகுப்பு என்பதால் அவர்கள் திரும்பிப் போகக் கூடாது.

டாக்டர் மேரி வர்கீஸ் ஆஸ்பத்திரிக்குள் தன் பங்கைச் செய்துவிட்டுப் போனார். வாசலுக்கு வெளியே உள்ள பங்கு டாக்டர்கள் வேலை இல்லை. அது சிமெண்டும் ஜல்லியும் கலக்கிற நம்ம வேலை.

 

இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவி,
வளையமாதேவி